பாகற்காய் ஆகிப்போன கிளி

வெள்ளிமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு எனக்கு மாற்றல் வந்தபோது எல்லோரும் மலைக்காற்றைப் பற்றித்தான் சொன்னார்கள். வளைவுகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் காலை பஸ் ஏறினால் கச்சிராயபாளையம் வரைக்கும் நான் ஒழுங்கான மனுஷி. கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் காலையில் தின்ற இட்லி கீழேயே இறங்கிக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கும். முதல் மாதம் முழுக்க ஜன்னலோர சீட்டும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான் எனக்குத் துணை.

அந்த பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் மூன்று பேர் என் மேல் இரக்கப்பட்டார்கள். மலைமேல் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா எலுமிச்சம்பழம் தந்தார். ரேஷன் கடையில் சேல்ஸ்மேனாக இருக்கும் அண்ணன் புளிப்பு மிட்டாய் தந்தார். கண்டக்டர் அண்ணன் தன் பேப்பரைப் பிரித்து, "இத சீட்டுல போட்டு அதும் மேல குந்துங்க டீச்சர், வாந்தி வராது" என்றார். குந்தினேன். வந்தது. பேப்பரும் போனது.

கடைசியில் சென்னையில் இருக்கும் என் கல்லூரித் தோழிதான், "கைக்கு வேலை குடு, வயிறு சும்மா இருக்கும்" என்று ஒரு குரோஷா ஊசியும் நாலு உருண்டை நூலும் அனுப்பி வைத்தாள். கொக்கி வைத்த அந்த ஒற்றை ஊசியால் நூலை வளைத்து வளைத்து இழுத்துப் பின்ன வேண்டும். மலைமேல் சிக்னல் கிடையாது. அதனால் வீட்டிலேயே வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் பின்னினேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணிக் கணக்கு தப்பியது. ஏறும்போது ஆறாக இருந்தது வெள்ளிமலையில் ஒன்பதாகியிருக்கும். ஆனால் வாந்தி நின்றுவிட்டது. பின்னலால் நின்றதா, வயிறு தானாகவே பழகிக்கொண்டதா, இன்றுவரை தெரியாது.

"இன்னா டீச்சர், பைய கீழ வச்சிட்டு ஊசிய எடுத்துட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"பின்னிக்கிட்டிருக்கேன்ணா."

"அது தெரியுது. இன்னா பின்னிக்கினு இருக்கீங்க?"

அது எனக்கே தெரியாத காலம் என்பதால் சிரித்து வைத்தேன்.

பொங்கல் லீவு நெருங்கியபோது இந்த மூவருக்கும் என் கையாலேயே ஏதாவது செய்து தர வேண்டும் என்று தோன்றியது. ஆளுக்கொரு கீ செயின் என்று முடிவு செய்தேன். கண்டக்டருக்குக் கிளி, ஏனென்றால் ஓயாமல் பேசுவார். ரேஷன் அண்ணனுக்கு யானை, ஏனென்றால் மூட்டை தூக்குவார். நர்ஸ் அக்காவுக்கு ஆமை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, உருண்டையாகப் பின்ன எனக்கு வரும், அவ்வளவுதான்.

யானைக்குச் சாம்பல் நிறத்தில் நூல் கேட்டேன். ஃபேன்ஸி ஸ்டோர்காரர் ஊதா நூலை எடுத்துப் போட்டு, "தூரத்துல இருந்து பாத்தா சாம்பல்தாங்க" என்றார். தும்பிக்கையைத் தைக்க முகத்தில் இடம் போதாமல் தலை உச்சியில் தைத்தேன். கிளிக்குச் சிறகு மாதிரி இருக்கட்டும் என்று உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் போட்டதில் அது நீளமாகவும் கரடுமுரடாகவும் வந்தது. சிவப்பு மூக்கு இரண்டாவது வளைவில் கழன்று எந்த சீட்டுக்கு அடியிலோ போய்விட்டது. ஆமை மட்டும் நன்றாக வந்தது என்று நினைத்தேன். கால்கள்தான் கொஞ்சம் உள்ளே போய்விட்டன. நாலும்.

லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கீழே இறங்கும் பஸ்ஸில், பேப்பரில் பொதிந்து மூன்று பேருக்கும் கொடுத்தேன். ரேஷன் அண்ணன்தான் முதலில் பிரித்தார்.

"அட, கத்திரிக்கா!"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் தன்னுடையதை விரலில் தொங்கவிட்டு, "எனக்குப் பாவக்கா" என்றார். நர்ஸ் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது பூசணிக்கா. எவ்ளோ தத்ரூபமா இருக்கு!"

தத்ரூபம் என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். மூன்று வாரமாகக் கிளியும் யானையும் ஆமையும் செய்தவளுக்கு அவை காய்கறியாகவாவது தத்ரூபமாக இருக்கின்றன என்று கேட்பதில் ஓர் அற்ப சந்தோஷம். வாயை மூடிக்கொண்டேன். அக்கா அங்கேயே தன் புது வீட்டுச் சாவியை அதில் கோத்துக்கொண்டார். தை பிறந்ததும் பால் காய்ச்சுவதாக இருந்தார்கள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தங்கள் காயையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினார்கள். கண்டக்டர் இரண்டு முறை திரும்பி வந்தார்.

"டீச்சர், எனக்கு மட்டும் ஏன் பாவக்கா?"

"சும்மாதாண்ணா. பச்சை நூல் இருந்துச்சு."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். நம்பாத தலையாட்டல் அது.

லீவு முடிந்து முதல் நாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரேஷன் அண்ணன் எனக்காகவே காத்திருந்தார். டீயை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"டீச்சர், ஒத்துக்கறேன். கத்திரிக்கா முத்துனா கடத்தெருவுக்கு வந்துதான ஆவணும். உங்களுக்கு யாரு சொன்னது?"

"எதைண்ணா?"

"அதான், ரிஷிவந்தியத்துல பொண்ணு பாத்தது. இது ஒம்போதாவது. முந்தின எட்டும் தட்டிப் போச்சில்ல, அதான் முடியற வரைக்கும் மூச்சு வுடக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க கத்திரிக்காயக் கையில குடுத்து நாசுக்கா கேட்டுட்டீங்க."

"வாழ்த்துகள்ணா" என்று சொல்லி டீயைக் குடித்தேன்.

பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் நர்ஸ் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறேன்னு சொல்லாம சொல்லிட்டேல்ல. தப்புதான்டி யம்மா. திங்கக்கெழம திங்கக்கெழம நான் எட்த்தாற முறுக்கு என் கையால சுட்டது இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைல வாங்கி டப்பால மாத்திக்கினு வரேன்."

நான் அந்த முறுக்குக்குப் பக்குவம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். உளுந்தை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்பதுவரை அக்கா சொல்லியிருந்தார். முன் சீட்டிலிருந்து ரேஷன் அண்ணன் திரும்பாமலே, "அது எங்க எல்லாருக்கும் தெரியுங்க்கா. டப்பாக்குள்ள கடை கவரு கெடந்துச்சே" என்றார்.

அக்கா முகம் சிவந்து எதையோ சொல்ல வருவதற்குள் கண்டக்டர் டிக்கெட் பையோடு வந்து நின்றார். அவர் கோபம் என் மேல் இல்லை, அக்கா மேல்.

"சிஸ்டர், உங்கள நம்பித்தான வந்து ரத்தம் குடுத்தேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? எனக்கு சுகரு இருக்குன்னு டீச்சருகிட்ட ஏன் சொன்னீங்க?"

"நான் இன்னாத்துக்குய்யா சொல்றேன்?"

"அப்ப பாவக்கா எங்கேர்ந்து வந்துச்சு? சுகர்காரனுக்குத்தான பாவக்கா குடுப்பாங்க!"

"உனக்கு சுகரு ஜாஸ்தின்னு நான் வேற சொல்லணுமா? வெள்ளிமல பேக்கரில நீ தெனிக்கும் ரெண்டு பாதுஷா துன்றத ஊரே பாத்துக்கினுதான் கீது!"

இருபது பேர் இருந்த பஸ்ஸில் அதுவரை விஷயம் தெரியாதவர்கள் என்று பதினேழு பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் இப்போது தெரிந்துகொண்டார்கள். பின் சீட்டில் சாமை மூட்டையோடு இருந்த ஒருவர், "வெந்தயம் ஊறப்போட்டுக் குடிங்க" என்று வைத்தியமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வளைவை அகலமாக எடுத்தார். எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தோம்.

இனியும் பேசாமல் இருந்தால் பாவம் என்று எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணா, அது பாவக்காய் இல்ல. கிளி."

கண்டக்டர் சாவிக்கொத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளின்னா... மூக்கு எங்க?"

"விழுந்திடுச்சு."

"ரெக்க?"

"அந்த முடிச்செல்லாம்தான்."

அவர் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார், பெருந்தன்மையாக. ரேஷன் அண்ணன் தன்னுடையதை உயர்த்திக் காட்டினார். "அப்ப இது?"

"யானை."

"ஆனைக்குக் காம்பு இருக்குமா டீச்சர்?"

"அது தும்பிக்கைண்ணா."

பஸ்ஸில் ஒரே சிரிப்பு. நர்ஸ் அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். முறுக்கு விஷயம் அடங்கிப்போன நிம்மதி அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். "அப்போ என்னுது? பூசணிக்காயில்லன்னா இது இன்னா?"

அவர் விரலில் புது வீட்டுச் சாவி ஆடிக்கொண்டிருந்தது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற சொலவடை அந்த நொடியில்தான், அவ்வளவு தாமதமாக, என் நினைவுக்கு வந்தது.

"பூசணிக்காயேதான்க்கா" என்றேன். "திருஷ்டிக்கு நல்லதுன்னுதான் உங்களுக்கு அது."

அக்கா நெகிழ்ந்துபோய் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அடுத்த வாரம் பால் காய்ச்சும் நாளில் போனேன். வாசல் நிலைக்கு மேலே, எலுமிச்சம்பழத்துக்கும் மிளகாய்க்கும் நடுவில், அது தொங்கியது. குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் வலது கால் எடுத்து வைத்தபோது, இந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. மாடியில் இன்னொரு அறைகூடக் கட்டிவிட்டார்கள்.

கண்டக்டர் பாதுஷாவைப் பாதியாகக் குறைத்தார். அதாவது இரண்டுக்குப் பதில் ஒன்று. பஸ் முழுக்கக் காவல் இருக்கும்போது அவரால் வேறென்ன செய்ய முடியும்?

மாசி மாதத்தில் ஒரு நாள் ரேஷன் அண்ணன் சிரித்த முகத்தோடு பஸ் ஏறினார். முந்தின நாள் ரிஷிவந்தியம் போயிருந்தாராம். கையில் உருட்டிக்கொண்டிருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு அத எடுத்துப் பாத்துச்சு டீச்சர். பாத்துட்டு, 'ஆனை நல்லாருக்கே, யாரு போட்டது?'ன்னு கேட்டுச்சு. நான் ஒரு வார்த்த சொல்லல. தானா சொல்லுச்சு!"

என் வாழ்க்கையில் நான் செய்த ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று கேட்காமலே சரியாகச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான். இன்னும் முகம் பார்க்காத அவள்மேல் எனக்கு அன்பு பொங்கியது.

"முடிவு பண்ணியாச்சாண்ணா?"

"வைகாசில கல்யாணம்" என்றார். வெட்கத்தில் டிக்கெட் வாங்க மறந்துவிட்டார்.

நான் உடனே பையைத் திறந்து ஊசியைத் தேடினேன். மாலை மாற்றிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளை, பெண் ஜோடியாகவே செய்துவிடலாம், பட்டு நூல் கிடைக்குமா என்று யோசனை ஓடியது. நர்ஸ் அக்கா மெதுவாக என் பையை மூடினார்.

"வாணாம் கண்ணு" என்றார். "நாம எல்லாரும் சேந்து ஒரு குக்கர் வாங்கிக் குடுத்துருவோம்."