சான்று காட்டி விளக்குக

மாமி எதற்கும் சான்று கேட்பாள். வயிற்றுக்குத்து என்று சொன்னாலும் கேட்பாள். பக்கத்து வளவில் இருந்த அப்பாவின் தங்கை அவள்; பள்ளிக்கூடத்தில் எங்கள் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் ரீச்சர். வகுப்பில் ரீச்சர், வேலியைக் கடந்தால் மாமி. இரண்டையும் மாற்றிச் சொல்லி இரண்டு இடத்திலும் ஏச்சு வாங்கியவள் நான்.

அந்த ஆண்டுப் பாடப்புத்தகத்தில் ஒரு தாயின் கதை இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன மகன் மழைக்குள் திரும்பி வந்து தட்டுகிறான். அவள் கதவைத் திறக்கவில்லை. கதவின் கீழால் கசிந்த விளக்கு வெளிச்சத்தில் தன் ஈரக் கால்களைப் பார்த்தபடி நிற்கிறான். கதை அவ்வளவுதான். 'இத்தாயின் குணவியல்புகளைச் சான்று காட்டி விளக்குக' என்று மாமி கரும்பலகையில் எழுதினாள். சிறந்த கட்டுரை காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். எனக்கு அந்த மேடை வேண்டும். மைக்கில் என் குரல் உரும்பிராய்த் தோட்டவெளி தாண்டிப் போகவேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் ஒரே வாத்தியாரிடம் ரியூசனுக்குப் போனார்கள். ஆகவே அவர்கள் எழுதிய தாய்க்கும் ஒரே மூன்று குணங்கள்: கல்நெஞ்சம், பிடிவாதம், ஊர்வாய்க்கு அஞ்சுதல். எனக்கு ரியூசன் இல்லை, புத்தகம் இருந்தது. ஆண்டு முடிய ஒப்படைத்து, அடுத்த வகுப்புக்குக் கைமாறிக் கைமாறி நைந்த புத்தகம். உள்ளட்டையில் எனக்கு முன் படித்தவர்களின் பெயர்கள். அவற்றில் ஒன்று மச்சாளுடையது. மாமியின் ஒரே மகள்.

மச்சாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன், குருநகரில் சேர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பெடியனை விரும்பி அங்கேயே போய்விட்டாள். இனி இந்த வாசற்படலைக்குள் வராதே என்று மாமி சொன்னாளாம். அதன்பின் வெங்காயம் கிண்டினார்கள், புகையிலை நட்டார்கள், மழை வந்தது, போனது. அந்தப் பெயர் மட்டும் எங்கள் வீடுகளில் யார் வாயிலும் வரவில்லை. பொழுதுபட, மாமி வீட்டிலிருந்து நான் வெளியேறியதும் மாமி படலைச் சங்கிலிக்கு ஆமைப்பூட்டைப் போட்டுவிடுவாள்.

அந்தக் கதையின் ஓரத்தில், மச்சாளின் சாய்ந்த பென்சில் எழுத்தில் ஒரு வரி: 'கதவைத் திறக்கவில்லை; ஆனால் விளக்கை நூர்க்கவும் இல்லை.' விளக்கை அணைக்காத தாய்! அந்த வரியை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் என் சொற்களைப் பூசி ஒரு பக்கமாக்கினேன்.

மாமி விறாந்தையில் இருந்து கொப்பிகள் திருத்துவாள். அன்று பின்னேரம் கூப்பிட்டாள்.

"உது ஆர் சொல்லித் தந்தது?"

"நானே யோசிச்சனான், ரீச்சர்."

"வீட்டிலை மாமி எண்டு சொல்லு. சான்று எங்கை?"

ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, வெளிச்சம் கசியும் இடத்தைப் பெருமையோடு தொட்டுக் காட்டினேன். மாமி அந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தாள். சிவப்புப் பேனையை மூடினாள், திறந்தாள், மூடினாள். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தாள், தூங்கும் பிள்ளையின் நெற்றியில் சூடு பார்ப்பதுபோல.

"உந்தப் புத்தகம் என்னட்டை இருக்கட்டும், பிள்ளை."

மேடை போயிற்று. என் கொப்பியில் 'சொந்தமாக எழுதவும்' என்று சிவப்பில் இருந்தது. காலைக் கூட்டத்தில் ரியூசன் தாய் ஒருத்தியை வாசித்தார்கள். ஆண்டு முடிவில் மாமி அதிபரிடம், என் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்றாள். சான்று கேட்க அதிபருக்குத் தோன்றவில்லை.

புத்தகத்தை வாங்கி வைத்த அந்த வாரத்திலிருந்து மாமி படலையைப் பூட்ட மறக்கத் தொடங்கினாள். விறாந்தை லைற் எரியும். ஆமைப்பூட்டு வாய் திறந்தபடி சங்கிலியில் தொங்கும். மாமிக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கவேண்டும். ஒவ்வொரு மாலையும் படலைக்கு வெளியே நின்று, பூட்டைக் கவனமாக அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த மாலை அது மறுபடி திறந்து கிடக்கும். நான் மறுபடி பூட்டுவேன். மாமி ஒருநாளும் ஏசவில்லை.

அந்த மாலைகளில், எனக்குப் பிறகு, யாராவது படலைவரை வந்து பூட்டைக் கண்டு திரும்பிப் போனார்களா? என்னிடம் சான்று இல்லை.