பத்து மாதம் கதைக்காத சேர்வர்

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் கணினி அறையில், திரையை வெறித்துப் பார்த்தபடி இருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். இந்தச் சேர்வரின் பதிவு சேவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பது பொருள். நீக்கிய கை எது என்று எனக்குத் தெரியும். அது அப்போது கீபோர்டின் மேல்தான் இருந்தது.

ஒன்றரைக்கு மாதிரிப் பரீட்சை. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். வினாத்தாள் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அரை மணித்தியால வேலை என்று நினைத்து, வெள்ளிக்கிழமை போகாமல் அன்று காலைக்கு வைத்திருந்தேன். புதிய பதிப்புக்குப் புதிய தரவுத்தளம் வேண்டும். அதற்கு முப்பதுக்கு மேற்பட்ட மென்பொருள் பொதிகளை இணையத்தில் இறக்க வேண்டும். பதிவில்லாத சேர்வருக்கு ஒரு பொதிகூட இறங்காது.

ஏழாம் இலக்கம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் மூன்று பேர் கொண்ட சிறிய நிறுவனம். மற்றவர்களுடைய சேர்வர்களைப் பராமரிக்கிறோம். எண்டர்பிரைஸ் லினக்ஸ் போட்ட சேர்வர் ஒவ்வொன்றையும் சந்தா மேலாண்மைச் சேவையில் பதிவு செய்ய வேண்டும். பதிந்ததும் அதற்கு ஓர் அடையாளச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால்தான் பொதிகள் இருக்கும் இணையக் களஞ்சியம் திறந்து புதிய பொதிகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் தரும். பதிவு போனாலும் சேர்வர் நின்றுவிடாது, பழையபடி ஓடும். அதனால் பதிவு போனதே பல நாட்களுக்குத் தெரிய வராது.

எங்கள் சந்தாவில் இருந்தவை பன்னிரண்டு இடங்கள், ஒரு சேர்வருக்கு ஓர் இடம். மூன்று கிழமைக்கு முன்னர் உரும்பிராய் விவசாயிகள் சங்கம் ஒன்று புதுச் சேர்வர் வாங்கியபோது பன்னிரண்டும் நிறைந்திருந்தன. சேவையின் பட்டியலைத் திறந்து, கடைசியாகத் தொடர்பு கொண்ட நாளின்படி அடுக்கினேன். ஏழாம் இலக்கச் சேர்வர் பத்து மாதமாக மூச்சுக் காட்டவில்லை. அது என்ன வேலைக்கு என்று எழுதும் இடமும் வெறுமையாக இருந்தது. எங்கள் நிறுவனத்தை நடத்தும் தர்சினி அக்கா அன்று வெளியே போயிருந்தார். ஒரு போன் எடுத்திருக்கலாம். செத்த சேர்வருக்கு எதற்குப் போன் என்று அழித்துவிட்டு, அந்த இடத்தில் உரும்பிராய்ச் சேர்வரைப் பதிந்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்ததென்று எனக்கு நல்ல புளுகம், பெரிய சந்தோசம்.

"ஆர் எடுத்தது?"

நிலையத்தை நடத்தும் குகன் சேர் தேநீரோடு வந்தார்.

"என்ன தம்பி, சேர்வர் கோவிச்சுக்கொண்டு நிக்குதோ?"

"பதிவிலை ஒரு சின்னப் பிரச்சினை, சேர்."

"சின்னதெண்டால் உம்மடை முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு?" கோப்பையை மேசையில் வைத்தார். "இஞ்சை பாரும். சோதனைக்கு முன்னம் பிள்ளையளுக்கு இது ஒண்டுதான். இதை விட்டால் வேறை நாள் இல்லை. தூரத்திலை இருந்தெல்லாம் பஸ் ஏறி வருகினம்."

"ஓம் சேர்" என்றேன். வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் தொண்டைமானாற்றில் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் சேர்வரோடு நின்றார். காற்று இரைச்சலுக்குள் அவருடைய குரல் வந்தது.

"அக்கா, ஏழாம் நம்பரை நான்தான் எடுத்தனான். அது சேரின்ரை பரீட்சைச் சேர்வர்."

"எப்ப?"

"மூண்டு கிழமை. பத்து மாசமா ஒண்டும் வரேல்லை எண்டு..."

"எப்பிடி வரும்? மாதிரிப் பரீட்சை முடிய நிப்பாட்டி வைச்சால் அடுத்த வருசம்தானே போடுறவை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ? சரி. போனைச் சேரிட்டைக் குடு."

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சேர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"சேர், பிழை எங்கடை பக்கம்தான். உங்கடை சேர்வரின்ரை பதிவை நாங்கள் தவறுதலா எடுத்திட்டம். பரீட்சைக்கு முன்னம் சரிப்பண்ணித் தருவம்."

"ஆர் எடுத்தது?"

"நாங்கள்தான், சேர்."

சேர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்த 'நாங்கள்' இஞ்சை எனக்கு முன்னாலைதான் நிக்கிறார் போலை."

அக்கா சிரிக்கவில்லை. "லிஸ்ற்றை வாசி, தம்பி. ஒண்டைக் கழட்டினால்தான் இதைப் பதியலாம்" என்றார்.

வாசித்தேன். ஐஸ் தொழிற்சாலை. "அதிலை கை வைச்சால் என்னைக் கடலுக்கை தள்ளுவினம்." உரும்பிராய்ச் சங்கம். "இப்பத்தானே ஓடத் தொடங்கினது." அப்படியே பதினொன்று வரை போய் நிறுத்தினேன்.

"பன்னிரண்டாவது?"

"மயில், அக்கா."

மயில் என்னுடையது. அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய பெட்டியொன்றில் நானே லினக்ஸ் போட்டு, ஓர் இடம் காலியாக இருந்த காலத்தில் அக்காவிடம் கேட்டுப் பதிந்தேன். சேர்வர் நிருவாகச் சான்றிதழுக்கான சோதனைக்கு அதில்தான் படித்துக்கொண்டிருந்தேன். பதிவு இல்லாவிட்டால் பொதி இறங்காது. பாதிப் பயிற்சி நின்றுவிடும்.

"உன்ரை சோதனை எப்ப?"

"வாற மாசம்."

"ம்."

அக்கா எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மயிலுக்கு நேரே இருந்த நீக்கு பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. மூன்று கிழமைக்கு முன்னரும் இதையேதான் கேட்டது. அன்று நான் வாசிக்காமலே அழுத்தியிருந்தேன்.

பிறகு வேலை நேர்கோட்டில் போனது. பரீட்சைச் சேர்வரில் கிடந்த பழைய அடையாளத்தைத் துடைத்தேன். புதிதாகப் பதிந்தேன். களஞ்சியங்கள் தெரிந்தன. பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிலையத்தின் இணைய வேகத்துக்கேற்ப ஆறுதலாக, மெல்ல மெல்ல இறங்கின. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க முதலாவது வினா திரையில் வந்தது.

மாணவர்கள் வர முன்னர், சேவையின் பட்டியலில் வேலை என்ன என்ற வெற்றிடத்தை நிரப்பினேன்: மாதிரிப் பரீட்சைச் சேர்வர். வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும். குகன் சேரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

சேர் பின்னால் நின்று வாசித்தார். "என்ரை பேரை ஏன் தோட்டத்து வெருளி மாதிரி நட்டு வைச்சிருக்கிறீர்?"

பின்னேரம்

பரீட்சை முடிந்து சைக்கிளை எடுக்கப் போனபோது சேர் கூப்பிட்டார்.

"காலமை மயில் எண்டு ஏதோ கதைச்சியள். அது என்ன?"

சொன்னேன். காலையில் இருந்த கோபம் அவருடைய முகத்தில் இல்லை.

"அப்ப எங்களுக்காக உம்மடை படிப்பைக் கழட்டினீர்."

"பிழை என்ரைதானே, சேர்."

"அது எனக்குத் தெரியும். திங்கக்கிழமையிலை இருந்து இந்தச் சேர்வர் சும்மாதான் நிக்கப்போகுது. பின்னேரத்திலை வந்து இதிலை படியும். உம்மடை அக்காட்டை நான் கதைக்கிறன்."

அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "முதல் எல்லாத்தையும் பக்கப் எடு. பிறகு நீயும் சேர்வரும் பட்டபாடு." ஒரு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் போனேன். உபயோகமில்லை என்று நான் அழித்த அந்தச் சேர்வரில் படித்துத்தான் சோதனையில் தேறினேன்.

இன்று எங்கள் பட்டியலில் எந்தச் சேர்வரின் வேலையும் வெறுமையாக இல்லை. எப்போது ஓடும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். சத்தமில்லாத சேர்வரைக் கண்டால், நீக்கு பொத்தானுக்கு முன் போனை எடுங்கள். நான் கற்றது இவ்வளவுதான். அதைக் கற்ற அன்று என்னைத் தனியே நிறுத்தாமல் 'நாங்கள்' என்று சொன்ன அக்காவுக்கும், அதைக் கேட்ட பிறகும் கதவைத் திறந்துவிட்ட சேருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இப்போது மாதிரிப் பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே போய் அதைப் போட்டுவிடுகிறேன். சேர் தேநீரோடு வந்து கதவடியில் நிற்பார்.

"என்ன தம்பி, கதைக்குதோ?"

"ஓம் சேர், கதைக்குது."