ஒரு பிளாஸ்க் சுக்குத் தண்ணி

சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவளுக்கு மழையைச் சமாளிக்கத் தெரியும், நெரிசலைச் சமாளிக்கத் தெரியும், தீபாவளியன்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும் பாடு. போகிற வீட்டிலெல்லாம் "ஒரு கரண்டி மட்டும் போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே மாட்டிக்கொண்டவர்களே, உங்களில் யாராவது என் பின்சீட்டில் உட்கார்ந்து இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தியிருந்தால், கண்ணாடியில் நான் பார்த்துவிட்டேன் என்பதை இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

பிளாஸ்க் வந்த வழி

பிளாஸ்க் என் யோசனையல்ல. என்னைப் போலவே கார் ஓட்டும் பஷீர் பாய் சொன்னது. ஒரு நோன்புப் பெருநாளில் அவர் ஏற்றிய ஆள், சாப்பிட்ட பிரியாணியை வண்டியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து பண்டிகை என்றால் சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணி பாய் வண்டியில் இருக்கும்.

தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவர், எனக்கும் சேர்த்து நல்ல சுக்காகப் பொறுக்கினார். எனக்கு ரோஷம். எங்கள் ஆட்கள் தீபாவளிக்கு அளவாகத்தான் சாப்பிடுவார்கள் என்று கூசாமல் சொன்னேன். பாய் சிரிக்கக்கூட இல்லை. சுக்கை என் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"பெருநாள் வேற வேறதான் தங்கச்சி. வயிறு ஒண்ணுதான்."

கடைசியில் வைத்த வீடு

போன தீபாவளிக்கு என் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சரோஜா, மகள் கவிதாவுக்கும் மாப்பிள்ளை பிரகாஷுக்கும் தலை தீபாவளி என்று என் வண்டியை நாள் முழுக்கப் பேசிவைத்தாள். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். ஆனால் சரோஜாவின் மனசெல்லாம் ஒரே வீட்டில்தான் இருந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவள் அக்கா வீடு.

கல்யாண மேடையில் குடும்பப் போட்டோ எடுத்தபோது அந்த அக்காவைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அன்று எழுந்து போனவர், அதன்பின் தங்கையின் போனை எடுக்கவே இல்லை. பிள்ளைகள் போய் வயிறாரச் சாப்பிட்டால் அக்கா மனம் இளகும் என்று சரோஜா நம்பினாள். அவசரமில்லாமல் உட்காரட்டும் என்று அந்த வீட்டைக் கடைசியில் வைத்தாள். அங்கேதான் பிசகு. புது மாப்பிள்ளையை மற்ற வீடுகளில் சும்மா விடுவார்களா? பொங்கோலில் தோசையும் ஆட்டுக்கறியும். ஈசூனில் பிரியாணி, அதன் தலைமேல் முறுக்கு, அதிரசம்.

ஈசூன் வீட்டிலிருந்து இறங்கி வந்த பிரகாஷ் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான். குளிர்ச்சியாகக் கேஸ் பானம் வாங்கிக் குடிக்கலாமா என்று கேட்டான். ஏற்கெனவே ஊதியிருக்கிற வயிற்றை இன்னும் ஊத வேண்டாம் என்று சுக்குத் தண்ணியை நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். கொஞ்ச தூரம் போனதும் மெல்லிய குரல் வந்தது:

"ரோட்டுல ஹம்ப் வந்தா மெதுவா போங்க ஆன்ட்டி. மட்டன் இன்னும் உக்காரலை லா."

மருந்தும் பலகாரம்தான்

அடுத்து உட்லண்ட்ஸில் சித்தப்பா வீடு. அவர் விவரமான மனிதர். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் இலையை எடுக்கச் சொல்லிவிட்டு, தீபாவளி லேகியம் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார். நெல்லிக்காய் அளவு வாயில் போட்டால் போதும் என்று நான் சொல்லிக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் வெல்லமும் நெய்யும் போட்டுக் கிண்டியது, வழவழவென்று வேறு இறங்குகிறது. சிக்னலில் திரும்பிப் பார்த்தால் பிரகாஷ் விரலால் பாட்டிலின் அடியை வழித்துக்கொண்டிருந்தான்.

கவிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவன் போய்ப் பெரியம்மா வீட்டில் சோற்றைத் தள்ளிவைத்தால் அம்மாவும் பெரியம்மாவும் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டார்கள் என்றாள். எனக்கும் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தக் காலி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அவள் தன் புருஷனிடம் கேட்டபோது, வந்த சிரிப்பில் நான் வண்டியை ஓரமாக நிறுத்தாமல் ஓட்டியதே பெரிய காரியம்:

"மருந்தையும் பலகாரம் மாதிரி தின்னா, அதுக்கு எங்க போய் மருந்து வாங்குறது?"

பெரியம்மாவின் ஏப்பம்

புக்கிட் பாஞ்சாங்கில் பெரியம்மாவின் புளோக்குக்கு நன்றாக முன்னாலேயே இரண்டு பேரையும் இறக்கிவிட்டேன். சாப்பிட்டது இறங்க வேண்டுமானால் நடக்க வேண்டும். பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக அவர்கள் வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்ததை, பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் கோயில் ஊர்வலம் மாதிரி பார்த்தார்கள். நடந்து முடித்ததும் பிரகாஷ், ஒரு கைப்பிடி சோறு இறங்கும், அதற்கு மேல் சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினான்.

கொஞ்ச நேரத்தில் கவிதா போன் பண்ணி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உடனே மேலே வரச் சொன்னாள். போச்சு, மாப்பிள்ளை பெரியம்மா வீட்டுத் தரையில் மானத்தை வாங்கிவிட்டான் என்று ஓடினேன். போய்ப் பார்த்தால் அவன் சமர்த்தாக நாற்காலியில் இருக்கிறான். சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருப்பது பெரியம்மா. காலையிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் துணையாகத் தானும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறார். மேசையில் சமைத்ததெல்லாம் மூடியபடியே இருந்தது. சாப்பிடச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம், எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பெரியம்மா மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சுக்கு பத்தலைம்மா. என் தங்கச்சி போட்டா மூக்குல ஏறும். வண்டி இருக்குல்ல, போய் அவளைக் கூட்டிட்டு வா."

கல்யாணப் போட்டோவில் விட்டுப்போன பெரியம்மா அன்றைக்கு நான் கூட்டி வந்த தங்கையின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படம் இப்போது கவிதா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, அதில் இரண்டு பேருக்கும் முன்னால் நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி நிமிர்ந்து நிற்பது என் பிளாஸ்க்.