உடம்புக்கு எழுதிய பவர்

என்னைப் போல இன்னொரு முட்டாள் செஞ்சி தாலுகாவில் இருந்தால் சந்திக்க ஆசை. நிலத்துக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. நான் உடம்புக்கும் எழுதிக் கொடுத்தவன்.

பாகப்பிரிவினையில் கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணனோடு சண்டை. சிங்கவரத்தை விட்டு செஞ்சிக்கு வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல் வாடகை அறையில் கிடந்தேன். துணைக்குக் கோபம் இருந்தது. என் பங்கு நிலத்தைப் பார்த்துக்கொள்ள, சைக்கிள் கடை வைத்திருந்த சிநேகிதனுக்குப் பவர் எழுதப் போனேன். போன இடத்தில் பத்திரம் எழுதுபவரிடம் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன். எனக்கு உடம்பு முடியாமல் போனால் வைத்தியத்தில் சிநேகிதன் முடிவே முடிவு. உடன்பிறந்த அண்ணனுக்கு அதில் எந்தப் பேச்சும் கிடையாது. பத்திரக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். டீக்கடையில் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசியில் குடல்வால் வீங்கிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும் பத்திரத்தை மறக்கவில்லை. ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று டாக்டர் கேட்டதும் அரசாணை போல நீட்டினேன்.

படித்துவிட்டு, "இவர் எங்க?" என்றார்.

"போன வருஷம் செத்துட்டார் சார்."

"அவரோட இதுவும் முடிஞ்சுது. அவர் இருந்திருந்தாலும் இது நிலத்தோட சரி, உடம்புக்குச் செல்லாது. சொந்தக்காரங்க யாராவது வரணும். குடல்வால் வெடிச்சிட்டா நான் பொறுப்பில்ல."

வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பாய், ஒரு பிளாஸ்க், உட்கார்ந்திருக்க ஒரு ஆள். என் கட்டிலுக்குக் கீழே என் செருப்பு. எனக்கு யாருமில்லை என்று நர்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஊரைக் கேட்டு, சிங்கவரம் போகிற பால்காரரிடம் சொல்லி அனுப்பினார். அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன்.

வந்தார். முழங்கால் வரை நடவுச் சேறு. எங்கே போடணும் என்று நர்ஸைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். தொலைத்துவிடாதீர்கள் என்று நர்ஸ் என் பவர் பத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வராண்டாவில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்த வரி.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அவர் இல்லை. அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை. பார்வையாளர் நேரத்தில் கண்ணை மூடித் தூங்குவது போல் கிடப்பேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, அவருக்குக் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியில் கொஞ்சம் எனக்கும் ஊற்றி, தம்பி எழுந்ததும் குடிக்கட்டும் என்று மூடி வைத்துவிட்டுப் போவார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அண்ணன் வந்தார். பத்திரத்தை மடித்து என் மடியில் போட்டார்.

"கொள்ளி வெக்கறதுக்கு எவனுக்கு எழுதிக் குடுத்திருக்கற? அதையும் இப்பவே சொல்லிடு. நான் வரல."