வீரம்மாவுக்காகப் போட்ட பூட்டு

சுலக்ஷனாவின் கைப்பை எப்போதும் வாய் பிளந்தே கிடக்கும். அப்படிப்பட்டவள்தான் ஹட்டனில் கம்பியூட்டர் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரிகளின் மருத்துவக் குறிப்புகள் இருக்கும் சேர்வருக்குப் பூட்டுப் போட்டாள்.

போன வருஷம் வரை தோட்ட ஆபீஸ் கம்பியூட்டர்களாலும் அந்தக் குறிப்புகளை எட்டிப் பார்க்க முடிந்தது. கந்தப்பளையில் அவளுடைய லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு வீரம்மாவுக்குக் கர்ப்பம் கலைந்ததை யாரோ பார்த்துவிட, மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அது ஊர்ப்பேச்சானது. அதற்குப் பிறகு வீரம்மா டிஸ்பென்சரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுலக்ஷனா, கம்பியூட்டர்களின் பேச்சுக்குக் காவல் நிற்கும் ஐபிசெக் விதி ஒன்றை எழுதினாள். அவள் கொடுத்த சான்றிதழ் உள்ள கம்பியூட்டரோடு மட்டும்தான் சேர்வர் பேசும். வேறு எது வந்து தட்டினாலும் வாயே திறக்காது.

ஆயுத பூசைக்கு மறுநாள் கந்தப்பளையில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது மனோரஞ்சிதம் போனில் கோல் எடுத்தார்.

"சுலா, சேர்வர் எங்களையே உள்ள விடல. வீரம்மா வந்து ஒக்காந்திருக்கு. பழைய குறிப்பப் பாக்காம டாக்டர் மருந்து எழுத மாட்டேங்குறாரு. அந்தப் பூட்ட கொஞ்ச நேரம் கழட்டி விடும்மா."

கழற்றுவது பெரிய வேலையில்லை. கழற்றினால் ஆபீசுக்கும் திறந்துவிடும். வீரம்மாவின் மானத்துக்காகப் போட்டதை வீரம்மாவை வைத்துக்கொண்டே கழற்றுவதா? எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. முந்தின நாள் பூசை என்பது நினைவுக்கு வந்தது.

"மிஸ், பூசைக்கு கம்பியூட்டர என்ன செஞ்சீங்க?"

"வயரெல்லாம் கழட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி முன்னுக்கு வச்சோம். அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா?"

"மூலையில என்ன தேதி காட்டுது?"

"அடியாத்தி! ரெண்டாயிரத்து ஒம்பதுனுல்ல காட்டுது!"

உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பெட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்டையும் பிடுங்கியதும் தேதி பின்னுக்கு ஓடிவிட்டது. இந்த வருஷம் கொடுத்த சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லுமா? எல்லாம் பக்தி செய்த வேலை! சுலக்ஷனா சிரித்துக்கொண்டே தேதியை மாற்றச் சொல்லிக் கொடுத்தாள். மனோரஞ்சிதம் மாற்றினார். பூட்டு இருந்தபடியே இருக்க, குறிப்பு வந்தது.

டாக்டர் பார்த்து முடித்த பிறகு மறுபடியும் கோல் வந்தது. இந்த முறை வீரம்மாவின் குரல்.

"சுலா, ஆபீசுல யாரும் பாக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா. நான்கூட தொறந்து பாக்குறதில்ல."

வீரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப ஒங்கிட்ட நானே சொல்றேன். மூணு மாசம்டி."