டீப் பிறீசரில் ஒரு மூலை

நான் வேலை செய்த மிருக வைத்தியசாலையில் யாரோ ஒரு பாம்பை விட்டுவிட்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார்கள். செம்மஞ்சள் நிறம், விஷம் இல்லாதது, சுண்டுவிரல் தடிப்பு. அதன் கூட்டைக் கழுவுவது என் வேலை. கழுவக் கழுவ அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மென்றில் இருந்தேன். பாம்பை அங்கே கொண்டுவந்து வளர்ப்பதென்றால் அதன் சாப்பாட்டையும் வைத்திருக்க வேண்டும். பயந்து பயந்து அக்காவிடம் கேட்டேன்.

"உயிரோடை ஒண்டும் குடுக்கிறேல்லை அக்கா. ஐஸில உறைஞ்ச எலிக்குஞ்சு, கிழமைக்கு ஒண்டு. அதுகளை வைக்க இடம் வேணும்."

அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். "என்ர குசினிப் பக்கம் கொண்டு வராதை. கீழை டீப் பிறீசரில வை. அத்தானுக்கு நான் சொல்லுறன்."

மீனையும் ஆட்டிறைச்சியையும் ஒரு பக்கமாகத் தள்ளி, மூலையில் அவளே இடம் எடுத்துத் தந்தாள். இறுக்கமான மூடியுள்ள பெட்டி ஒன்றும் தந்தாள். எலிக்குஞ்சுகளை இரண்டு பைகளுக்குள் கட்டி, காற்றை அமத்தி வெளியேற்றி, அந்தப் பெட்டிக்குள் வைப்பேன். எடுத்தால் பையோடு வெந்நீரில் போட்டு ஐஸ் கரைய வைப்பேன். அதற்குத் தனிக் கிண்ணம். அத்தான் வேலைக்குப் போனபிறகு அக்கா கீழே வந்து, பாம்பு விழுங்குவதை வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். "வெள்ளிக்கிழமையில மட்டும் குடுத்திடாதை" என்பாள்.

"அத்தான் என்ன சொன்னவர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சிரிச்சவர். உன்ர தங்கச்சிக்கு விசர் எண்டவர்."

நம்பினேன். அத்தான் என் அறைப் பக்கம் வருவதில்லை. அவரோடு நின்று கதைக்கும் பழக்கமும் எனக்கில்லை.

அந்தக் கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து அத்தானின் அம்மா, மாமி, வந்து சேர்ந்தார். அக்கா தன் மகனின் பிறந்தநாளுக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தாள். சோடாவுக்கு ஐஸ் எடுக்க மாமிதான் கீழே இறங்கினார். பெட்டிக்குள் ஐஸ் இருக்குமென்று திறந்திருக்கிறார்.

அவர் போட்ட சத்தத்தில் வீடே கீழே வந்தது. ஐஸ் பூத்த பைக்குள் எலிக்குஞ்சுகள் வரிசையாகத் தெரிந்தன. அத்தான் குனிந்து பார்த்தார். அவர் முகம் போன விதத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு எதுவுமே தெரியாது.

"இதென்ன கோதாரி? உனக்குத் தெரியுமே?" என்று அக்காவைக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மாமியைப் பார்த்தாள்.

"எனக்கென்னப்பா தெரியும்? இவள் தன்ர பாட்டுக்கு வைச்சிருக்கிறாள். நாங்கள் சாப்பிடுற சாமானோடை!"

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. நான் மூட எடுத்த பெட்டியைப் பறித்துக் குப்பைப் பைக்குள் கொட்டினாள். "அறைக்குள்ள பாம்பும் இருக்கு" என்று அவளேதான் காட்டிக்கொடுத்தாள். அது மட்டும் எப்படித் தெரியும் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாம்பை வைத்தியசாலைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். அங்குள்ள டொக்டர், விட்பி நகரில் பாம்பு வளர்க்கும் ஒரு குடும்பத்திடம் அதைச் சேர்த்துவிட்டார். மாத முடிவில் நான் பார்க்டேலில் ஒரு அறைக்குப் போனேன்.

அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "கோவிக்காதை. மாமிக்கு முன்னால நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"அத்தானுக்குச் சொன்னனான் எண்டு எனக்கு ஏன் சொன்னனி?"

"சொல்லலாம் சொல்லலாம் எண்டு விட்டிட்டன். நீ தனியாள், எங்கையும் போவாய். நான் இந்த வீட்டிலதானே வாழோணும்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அதுதான் இன்னும் வலித்தது. வாழ வேண்டிய இடத்தைக் காப்பாற்ற அவள் தூக்கி எறிந்தது என்னை.

தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமிக்கு முன்னாலேயே தலையைத் தடவி, "மெலிஞ்சுபோனாய்" என்றாள் அக்கா. பொங்கிய புக்கை தந்தாள், சாப்பிட்டேன். இன்றுவரை நல்லது கெட்டதெல்லாம் சேர்ந்துதான் செய்கிறோம். ஆனால் அவள் ஏதாவது சொல்லும்போது, அது உண்மைதானோ என்று அவள் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அவளும் அதைக் கவனித்திருப்பாள்.