ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வண்டிகள்

மகளின் பிரசவத்துக்காக பெங்களூருக்குக் கிளம்பியபோது, ஆறு மாதத்தில் திரும்பிவிடுவதாக என் மனைவி சொன்னாள். குழந்தை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. இது மூன்றாவது வருடம். எனக்கு ராஜபாளையத்தில் மருந்துக்கடை. கடையைப் போட்டுவிட்டு நானும் அங்கே போக முடியாது. எங்களுக்குள் சண்டையோ வருத்தமோ எதுவும் கிடையாது. தினமும் போனில் பேசுவோம், பேரனின் முகத்தைக் காட்டுவாள். பேசி முடித்து வைத்த பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த நாட்களில்தான் வண்டி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். பின்பக்கம் திறந்த சின்ன டிரக்குகள், நான்கு சக்கரமும் இழுப்பவை. யாரோ ஒருவர் அதில் கூடாரத்தையும் அடுப்பையும் போட்டுக்கொண்டு மலைத் தடத்திலும் மணலிலும் போய்க்கொண்டே இருப்பார். சாயங்காலம் ஓர் ஏரிக்கரையில் நிறுத்திக் காப்பி போடுவார். எனக்கு அந்தக் காப்பி போடும் இடம் பிடிக்கும்.

என் காருக்கு டயர் மாற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் இப்படி ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று முழுவதையும் பார்த்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மகன்கள் இருவரும் துபாயில். வீட்டில் அவரும் மனைவியும்தான். நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணாச்சி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு ஷோரூமுக்குச் சேர்ந்து போனோம்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் கடையை அடைத்துவிட்டு, சேர்ந்து வாங்குவதற்கு எங்காவது ஒரு வண்டியைப் பார்க்கப் போவோம். திருநெல்வேலி, தென்காசி, சிவகாசி என்று அலைந்தோம். பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். டயர் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்தே, வண்டியை ஓட்டியவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவார். நான் வண்டியோடு வரும் கையேட்டை வாசிப்பேன். மருந்துச் சீட்டு வாசித்துப் பழகிய கண், பொடி எழுத்தெல்லாம் எனக்குத் தொந்தரவு இல்லை.

மூன்று ரகத்தில் எங்கள் பேச்சு சுற்றியது. ஐந்து பேர் உட்காரும் டபுள் கேபின் டிரக் சொகுசாக ஓடும். ஆனால் நீளம் அதிகம். மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டியின் வயிறு தரையில் தட்டும், குறுகலான மலை வளைவில் மூன்று முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். பின்பெட்டியோ, ஆள் நீட்டிப் படுக்கப் போதாது. பெட்ரோலில் ஓடும் குட்டி ஜீப் ஆடு மாதிரி எங்கேயும் ஏறும். ஆனால் பெட்ரோல் குடிக்கும், படுக்கையும் தண்ணீர்க் கேனும் வைத்தால் நமக்கே இடமிருக்காது. மூன்றாவது, முன்னால் இரண்டு ஸீட் மட்டும் உள்ள டீசல் டிரக். பெட்டி நீளம், எஞ்சின் எளிது, எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். ஆனால் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகச் செய்தவை. பாரமில்லாமல் ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும்.

சுந்தரபாண்டியத்தில் அப்படி ஒரு இரண்டு ஸீட் வண்டி விலைக்கு வந்தது. தோப்புக்கு உரம் ஏற்றிக்கொண்டிருந்த விவசாயியின் வண்டி. பார்க்கத்தான் அழுக்கு, அடிப்பாகத்தில் துருவே இல்லை என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். விவசாயியிடம் கேட்டு அய்யனார் கோவில் பக்கம் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனோம். வனத்துறை கேட்டுக்கு முன்னாலேயே தோப்புகளுக்கு நடுவில் ஒரு ஓடைத் தடம் பிரிகிறது. உருண்டைக் கற்களும் மணலுமாக இருக்கும். நான்தான் ஓட்டினேன். பாதியில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக விடச் சொன்னார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, கல்லைப் பிடித்து, தானாக ஏறிக் கரைக்கு வந்தது. இருவரும் இறங்கி, ஏறி வந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

"இதுதான் அண்ணாச்சி. இத எடுத்துருவோம்" என்றார் பாய்.

நான் பட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முதுகு போய்விடும் என்றேன். ஏ.ஸி. இல்லை, சத்தம் அதிகம், தளவாய்புரத்தில் ஒருத்தர் டபுள் கேபின் ஒன்றை விற்கிறாராம், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஒவ்வொரு வண்டியிலும் இப்படி ஒரு குறை எனக்குத் தட்டுப்பட்டது. எல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனால் வண்டி கிடைத்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வண்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பாய் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கண்ணு ஓரத்துல மங்கிக்கிட்டு வருது அண்ணாச்சி. இப்போதைக்குப் பகல்ல ஓட்டலாம்னு டாக்டர் சொல்லுதாவ. இன்னும் எம்புட்டு நாளைக்குன்னு தெரியல. நீங்க இன்னும் பாருங்க. இந்த வண்டிய நான் எடுத்துக்கிடுதேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தை மாதாமாதம் அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான். எதற்குப் போடுவது, விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாததல்ல. ஒரு தடவைகூட அவரிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. பேசக் கிடைத்த நேரமெல்லாம் வண்டியைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

அந்த வாரமே பாய் வண்டியை வாங்கிவிட்டார். கழுவி, புது டயர் போட்டு, என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மேகமலைப் பக்கம் நாலு நாள் போய்வரலாம், கிளம்புங்கள் என்றார். கடையை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டேன். கடைப் பையனிடம் சொன்னால் பார்த்துக்கொள்வான். எனக்கு அவர் முகத்தைப் பார்த்தபடி நாலு நாள் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, அவருடைய மனைவி வருவதாகச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து ஊரைவிட்டு அதிகம் போகாத மனுஷி, வண்டியைப் பார்த்ததும் நானும் வாரேன் என்றாராம். நான் ஒரு டப்பாவில் காய்ச்சல், வாந்தி, வலி மாத்திரைகளைப் போட்டு, எதை எப்போது சாப்பிடுவது என்று எழுதி, சொட்டு மருந்து இரண்டு பாட்டில் கூடுதலாக வைத்து அனுப்பினேன்.

அவர்கள் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைக்கவே இல்லை. திறந்து வைத்திருந்தும் ஆள் வரவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன். இந்த நேரத்தில் கூப்பிட மாட்டீர்களே, உடம்பு சரியில்லையா என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். குழந்தை தூங்குகிறான், பிறகு கூப்பிடுகிறேன் என்று மெதுவான குரலில் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி. நாங்கள் அதற்கு முன் பேசியதே இல்லை.

"அண்ணே, வண்டி மேட்டுல நிக்கி. சின்ன கியரு விழ மாட்டேங்குதாம். அவிய கீழ நின்னு சக்கரத்துக்குக் கல்லு வைக்காவ. உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லுதாவ."

சீட்டை நீட்டிக்கொண்டிருந்தவரைச் செத்த நேரம் பொறுக்கச் சொன்னேன். வண்டியை முழுதாக நிறுத்தி நியூட்ரலில் போட வேண்டும், கிளட்சை நன்றாக மிதித்துக்கொண்டே, கியருக்குப் பக்கத்தில் மேடு ஏறுவதற்கென்று இருக்கும் சின்ன லிவரைத் தள்ள வேண்டும், கியரின் பல் சேரவில்லை என்றால் பின்சக்கரத்துக் கல்லை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு அதுவரை வண்டியை உருள விட்டு மறுபடி தள்ள வேண்டும் என்றேன். பாயின் மனைவி ஒவ்வொன்றாக உரக்கத் திருப்பிச் சொன்னார். தூரத்தில் பாய் சரி சரி என்பது கேட்டது. பாய் ஏறிக் கதவைச் சாத்துவது கேட்டது. எஞ்சின் உறுமியது. பிறகு கனமான ஒரு சத்தம், பல் சேரும் சத்தம்.

"விழுந்துருச்சுண்ணே" என்றார்.

போனை அணைக்க மறந்துவிட்டார். மடியில் வைத்திருப்பார் போல. டயருக்கடியில் கற்கள் நெரிபடுவது கேட்டது. அவர் பயந்து ஏதோ சொல்வதும், பாய் சிரிப்பதும், பிறகு அவரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. இங்கே பாருங்க, அங்கே பாருங்க என்று பாய்க்கு எதையோ காட்டிக்கொண்டே போனார். நானும் அணைக்கவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சீட்டு வைத்திருந்தவருக்கு மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று அவர் கேட்டார். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சிக்னல் போயிருந்தது.